இரும்பும் நீர்த்துளியும்

யாம் இக்கலாசாலையில் இரசாயன சாஸ்திரம் பயின்ற முதலாண்டில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று இன்றளவும் எம் உள்ளத்தை விட்டு அகலாது நிற்கின்றது. சோதனைச் சாலையின் நீண்ட மேசைமீது கெட்டிக் கண்ணாடிக் குழாய் ஒன்று கிடையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனுள்ளே செம்பும் பிராணவாயுவும் கூடியுண்டான கரிய பொடி சிறிது பரப்பப்பட்டிருந்தது. துத்தநாகத் துண்டுகளின்மீது அமிலத்தை வார்த்து உண்டாக்கிய ஹைட்ரஜன் வாயு, ஈரம் போக்கப்பெற்று, அக்குழாயின் ஒரு முனையிற் புகுந்து மறுமுனை வழியே வெளியேறிற்று. உள்ளிருந்த காற்று முற்றும் நீங்கிய பின்னரே தீயை அணுகவிடல் வேண்டும் என்று ஆசிரியர் மும்முறை எச்சரித்தார். பின்னர் விளக்கின் சுவாலையைக் குழாயின் அடியிற் காட்டினார். கரிய பொடி மெல்ல மெல்லச் செந்நிறம் பூண்டு தூய செம்பாயிற்று.

யாம் பெரிதும் வியப்புற்று, "கரிய பொடி செம்பாக மாறிற்று" என்று குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் நீட்டினோம். அவர் பாதி மதிப்பெண்ணே இட்டார். காரணம் வினவியபோது, குழாயின் குளிர்ந்த முனையை விரலாற் சுட்டினார். அங்கே பனித்துளி போன்ற நீர்த்துளிகள் சில படிந்திருந்தன. "தம்பி, வந்த செம்பைக் கண்டாய், அதனை விட்டுப் போன பிராணவாயு எங்கே சென்றது என்று கேட்டாயில்லை. உன் விடையின் மற்றைப் பாதி இந்தத் துளியில் இருக்கிறது" என்றார். ஹைட்ரஜன் பொடியிலிருந்த பிராணவாயுவைக் கவர்ந்து கொண்டு நீராக வெளியேறியது என்பது அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

நிற்க. இந்நிகழ்ச்சியை யாம் நெடுங்காலம் மறந்தே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பொருளைக் கொண்டு எளியதோர் இல்லம் எழுப்ப முற்பட்டோம். அடித்தளம், தூண், மேல்தளம் ஆகியவற்றிற்கு நான்கு டன் கம்பி வேண்டும் என்று மேஸ்திரியார் கணக்கிட்டுரைத்தார். கம்பிகள் வந்து இறங்கிய அன்று அவற்றை எண்ணி அடுக்குவிப்பதிலேயே எம் பொழுது கழிந்தது. அன்றிரவு நாளிதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எம் கண்ணிற் பட்டது. உலகில் மாந்தர் செயலால் வெளிப்படும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு எஃகுத் தொழில் ஒன்றினாலேயே உண்டாகின்றது என்றும், நம் நாட்டில் ஒரு டன் எஃகு ஆக்குங்கால் சராசரியாக இரண்டரை டன் அளவு அவ்வாயு வெளியேறுகின்றது என்றும் அதிற் கண்டிருந்தது. காகிதமும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பார்த்தோம். எம் முற்றத்திற் கிடந்த நான்கு டன் கம்பிக்காகப் பத்து டன் வாயு வானத்திற் கலந்திருத்தல் வேண்டும். கம்பியை ஒவ்வொன்றாக எண்ணினோம், வாயுவை எண்ணினோமில்லை. எம் ஆசிரியர் உடனிருந்திருப்பின் இம்முறையும் பாதி மதிப்பெண்ணே இட்டிருப்பார்.

மறுநாள் கம்பிக் கடைக்குச் சென்று, புகை குறைவாக ஆக்கப்பட்ட கம்பி உண்டோ என்று வினவினோம். கடைக்காரர் நகைத்து, "ஐயா, விலையைக் கேட்பார்கள், கனத்தைக் கேட்பார்கள், வளைத்தால் ஒடியுமா என்று கேட்பார்கள். புகையைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்" என்றார். அந்த நகைப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. இரும்புக்கும் புகைக்கும் உள்ள உறவு யாது, அதனை அறுத்தல் இயலுமோ என்று அன்று முதல் ஓய்ந்த வேளைகளில் கற்கத் தொடங்கினோம். கற்றதை நம் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் ஈண்டுக் கூறுவாம்.

இரும்பு பூமியில் பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதன்று. பிராணவாயுவோடு பிணைந்து தாதுவாகவே கிடைக்கின்றது. மழையில் நனைந்த வாயிற்கதவிற் படரும் செந்துருவும் ஏறக்குறைய அத்தகைய பொருளே. இரும்பு துருப்பிடித்தல் என்பது அது தன் பழைய தோழனாகிய பிராணவாயுவிடம் மீண்டு செல்லுதலேயாம். ஆதலின் இரும்பு ஆக்குதல் என்பது துருவை மீட்டும் இரும்பாக்குதல் என்று சொல்லலாம். அதற்கு அப்பிராணவாயுவை இரும்பினின்றும் பிரித்துக் கொண்டு போகவல்ல வேறொரு பொருள் வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் அப்பணிக்குக் கரியையே அமர்த்தினர். முன்னாளில் மரக்கரியும், பின்னாளில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியும் அவ்வேலையைச் செய்தன. ஊதுலையின் வெம்மையிற் கரியானது அரைகுறையாக எரிந்து ஒரு வாயுவாகி, தாதுவின் பிராணவாயுவைக் கவர்ந்து, கரியமிலவாயுவாக வெளியேறுகின்றது. இரும்பு உருகிக் கீழே இறங்குகின்றது.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெம்மைக்காக மட்டும் கரி எரிக்கப்படுமாயின் வேறொரு நெருப்பை வைத்துக் கொள்ளலாம். விறகடுப்பை நீக்கி மின்னடுப்பு வைத்தாலும் குழம்பு குழம்பாகவே இருக்கும். ஆனால் உலையிலுள்ள கரி விறகு மாத்திரமன்று; குழம்பிலிட்ட புளியும் அதுவே. அடுப்பை மாற்றுவது எளிது. புளியை மாற்றவேண்டுமாயின் சமையலையே மாற்றுதல் வேண்டும். எஃகுத் தொழிலிற் புகையை நீக்குதல் ஏனைய தொழில்களினும் அரிதாயிருத்தற்குக் காரணம் இதுவே. உலகில் ஆக்கப்படும் எஃகில் நூற்றுக்கு எழுபது பங்களவு இன்றும் ஊதுலை வழியாகவே வருகின்றது.

வந்ததைக் கண்டு போனதை மறத்தல் புதியதோர் பிழையன்று. நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு பழங்கதை உண்டு. சேலம் பகுதிக் கொல்லர், இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை வைத்து, எருக்கிலையால் மூடி, களிமண் மூசையில் அடைத்துக் காய்ச்சி, உலகம் புகழ்ந்த எஃகினை ஆக்கினர். இம்முறையை விவரித்து எழுதியவருள் ஒருவர் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலத்தினின்றும் வந்தது. இரும்பு கடல்கடந்து இங்கிலாந்துக்குச் சென்றது. ஆனால் உலைக்கு வேண்டிய கரி முழுதும் நம் காடுகளினின்றே வரவேண்டியதாயிற்று. அருகிலுள்ள மரங்கள் அழிய அழிய, கரி வரும் தொலைவு நீண்டது; செலவும் நீண்டது. பல இன்னல்களுக்கிடையே இவ்வின்னலும் சேர, அவ்வாலை பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கடவாமலே மூடப்பட்டது. சென்ற இரும்பைப் பற்றிப் பேசுவோர் உளர். சென்ற மரங்களைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

இங்கிலாந்திலும் முன்னாளில் மரக்கரியே உலைகளுக்கு உணவாயிருந்தது. 1709இல் ஆபிரகாம் டார்பி என்பார் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். மரத்திற்கு மாற்றாக நிலக்கரி வந்தது நன்மையே என்று அக்காலத்தார் கருதியதில் வியப்பில்லை. காட்டிற்கு நேர்ந்த கேடு கண்ணுக்குத் தெரிந்தது. வானத்திற்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி மாற்று வழியைக் கூறுவாம். எம் ஆசிரியர் கண்ணாடிக் குழாயிற் காட்டிய அதே வித்தையை, செம்பினிடத்து இரும்பை வைத்துப் பெரிய அளவில் செய்யலாகாதோ என்று கேட்டவர் உளர். சுவீடன் நாட்டின் வடகோடியில், பால்டிக் கடலின் கிளையாகிய போத்னியா வளைகுடாவின் கரையிலுள்ள லூலியோ என்னும் ஊரில் அம்முயற்சி நடைபெற்றது. எஃகு ஆக்கும் எஸ்.எஸ்.ஏ.பி., தாது தோண்டும் எல்.கே.ஏ.பி., மின்சாரம் ஆக்கும் வாட்டன்ஃபால் என்னும் மூன்று நிறுவனங்கள் 2016இல் ஒன்றுகூடி, ஹைபிரிட் என்னும் பெயரால் இதனைத் தொடங்கின. சோதனை ஆலை 2020 ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்டது. அங்கே மின்சாரத்தால் நீர் பிளக்கப்பட்டு ஹைட்ரஜன் எடுக்கப்படுகின்றது. சூடேற்றப்பட்ட அவ்வாயு, தாது உருண்டைகளினூடே செலுத்தப்படுகின்றது. உருண்டைகள் உருகாமலே பிராணவாயுவை இழந்து, கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த இரும்பாகின்றன. வெளியேறுவது நீராவி. அப்பஞ்சிரும்பு பின்னர் மின்சார உலையில் உருக்கப்பட்டு எஃகாகின்றது. 2021 ஆகஸ்டில் அவ்வாறு ஆன முதல் எஃகு, வண்டிகள் செய்யும் வால்வோ நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது.

இச்செய்தியை வாசித்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி இத்தன்மைத்து என்று சொல்லுதல் அரிது. முதலாண்டு மாணாக்கன் பாதி மதிப்பெண் இழந்த அந்த நீர்த்துளியே அங்கே ஆலையினின்று ஆவியாக எழுகின்றது அன்றோ! இயற்கையின் விதி அவ்வூரிற் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நம் சோதனைச் சாலையின் அலமாரியிலுள்ள பழைய நூல்களிலும் அது உண்டு. புதிது யாதெனின், அதனை டன் கணக்கிற் செய்யும் துணிவே.

ஆயினும் எம் ஆசிரியரின் வினாவை இப்புதிய முறையினிடத்தும் கேட்டல் நம் கடமை. உலையினின்று புகை எழவில்லை; நன்று. உலைக்கு வந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஒரு டன் எஃகினை இம்முறையில் ஆக்குதற்கு ஐம்பது கிலோவிற்குச் சற்று மேற்பட்ட ஹைட்ரஜன் வேண்டும். எல்லாவற்றிற்குமாகச் சுமார் 3,500 யூனிட் மின்சாரம் வேண்டும். சுவீடனில் ஆற்று நீரும், காற்றும், அணுச்சக்தியும் மின்சாரம் தருகின்றன. ஆதலின் அங்கே கணக்குச் சரியாயிற்று. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும் பகுதி நிலக்கரியினின்று வருவது. யூனிட் ஒன்றிற்குச் சராசரியாக 0.7 கிலோ அளவு கரியமிலவாயு வெளிப்படுகின்றது. 3,500ஐ 0.7ஆற் பெருக்கினால் 2,450 கிலோ ஆகின்றது. அஃதாவது, இன்றுள்ள மின்சாரத்தைக் கொண்டே ஹைட்ரஜன் எடுத்து எஃகு ஆக்குவோமாயின், பழைய உலை உமிழ்ந்த அதே இரண்டரை டன் வாயுவை மின் நிலையம் உமிழும். புகை ஒழியாது; இடம் மாறும். ஞாயிற்றின் ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகினாலன்றி இவ்வித்தை நமக்குப் பயன் தராது.

பொருட்செலவும் சிறிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்ட திட்டங்கள் பல இன்று தயங்கி நிற்கின்றன. ஆர்செலார்மிட்டல் என்னும் பெருநிறுவனம், ஜெர்மானிய அரசாங்கம் 130 கோடி யூரோ உதவி தர முன்வந்திருந்தும், பிரேமன், ஐசன்ஹுட்டன்ஷ்டாட் என்னும் இரண்டு ஊர்களில் நிறுவ எண்ணியிருந்த ஆலைகளை 2025 ஜூன் திங்களிற் கைவிட்டது. மின்சாரத்தின் விலையும் ஹைட்ரஜனின் அருமையும் காரணம் எனப்பட்டன. அறிவு உண்டு, வழி உண்டு, விலை கொடுப்பார் யார் என்பதே வினா.

அவ்விலையும் பணமாக மட்டும் கொடுக்கப்படுவதன்று. வேல்ஸ் நாட்டில் போர்ட் டால்பட் என்னும் கடற்கரை ஊரில், டாட்டா எஃகு நிறுவனத்தின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30ஆம் நாள் அவிந்தது. அதனிடத்தில் பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை ஒன்றை அமைக்கும் வேலை 2025 ஜூலையில் தொடங்கிற்று. மொத்தச் செலவாகிய 125 கோடி பவுனில் 50 கோடியை அந்நாட்டு அரசாங்கம் தருகின்றது. பழைய இரும்பை உருக்குவதற்குப் பிராணவாயுவைப் பிரிக்க வேண்டுவதில்லை. ஆதலின் வாயு வெளிப்படுவது மிகக் குறையும். வானத்திற்கு இது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வூரில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் வேலை நீங்கினர். தந்தை செய்த வேலையை மகனும் செய்து வந்த ஊர் அது. பழைய உலைக்கு வேண்டிய கைகள் புதிய உலைக்கு வேண்டுவதில்லை. புதிய உலை எழுமுன்னரே பழையது அவிந்தும் விட்டது. குறைந்த வாயுவைக் கணக்கிலெழுதி மகிழ்வோர், நீங்கிய தொழிலாளரையும் கணக்கிலெழுதாவிடின், அவர்களும் பாதி மதிப்பெண்ணுக்கே உரியர்.

இனி நம் நாட்டைப் பற்றிச் சில சொல்லி முடிப்பாம். உலகில் எஃகு ஆக்கும் நாடுகளுள் இந்தியா இரண்டாவது. 2024இல் ஏறக்குறைய 15 கோடி டன் ஆக்கிற்று. எனினும் நம் மக்களில் ஒருவருக்கு ஆண்டொன்றிற்குச் சுமார் நூறு கிலோ எஃகே செலவாகின்றது. உலகச் சராசரி இருநூறு கிலோவிற்கு மேற்பட்டது. நமக்கு இன்னும் பாலங்கள் வேண்டும், மருத்துவசாலைகள் வேண்டும், ஓலைக் குடிசையில் வாழ்வோர்க்குத் திண்ணிய வீடுகள் வேண்டும். பழைய இரும்பை உருக்கியே இவற்றையெல்லாம் செய்துகொள்வோம் என்றால், செல்வ நாடுகளிற்போல இடித்தெடுக்கப் பழைய இரும்பு நம்மிடம் மிகுதியாக இல்லை. "எஃகு வேண்டா" என்று நமக்கு உபதேசிப்போர் தம் நாட்டு ரயில் பாதைகளையும் மாளிகைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நமக்கு வேண்டுவது எஃகினைக் குறைத்தல் அன்று. எஃகிற்குப் பின்னே மறைந்து செல்லும் வாயுவைக் குறைத்தலே.

அதற்கு முதற்படி, மறைந்ததை எண்ணுதல். 2024 டிசம்பரில் இந்திய அரசாங்கத்தின் எஃகு அமைச்சகம் பசுமை எஃகு இன்னதென்று வரையறுத்தது. ஒரு டன் எஃகிற்கு வெளிப்படும் வாயு 2.2 டன்னுக்குக் குறைவாயின் அது பசுமை எஃகு எனப்படும், 1.6 டன்னுக்கும் குறையுமாயின் ஐந்து நட்சத்திரச் சான்று பெறும். இவ்வெல்லை மிகத் தளர்ந்தது என்று குறை கூறுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் நேற்றுவரை எவரும் கேளாதிருந்த வினாவிற்கு இன்று ஒரு சான்றிதழில் இடம் கிடைத்திருக்கின்றது. எம்மை நோக்கி நகைத்த கடைக்காரர்க்குக் காட்டுதற்கு இப்பொழுது எம்மிடம் ஒரு சொல் உண்டு.

வாங்குவோர் சுமை எவ்வளவு என்பதனையும் எம் வீட்டுக் கணக்கைக் கொண்டே பார்த்தோம். எம் வீட்டுச் செலவில் கம்பிக்கு ஆனது அரைக்கால் பங்கு. தூய கம்பியின் விலை கால் பங்கு மிகுவதாகக் கொள்வோம். அரைக்காலிற் கால் பங்கு அரை வீசம்; அஃதாவது நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய்ச் சொச்சம். வாயிற்கதவின் வேலைப்பாட்டிற்காக யாம் செலவழித்தது அதனினும் மிகுதி என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமே உண்டாகின்றது. ஏழை ஒருவன் கட்டும் ஒற்றையறை வீட்டிற்கு அந்த அரை வீசமும் பாரமே; அவனிடம் அதனைக் கேட்டல் நீதியன்று. ஆனால் பாலங்களும் ஆபீசுகளும் கலாசாலைகளும் கட்டுவோர் அதனைத் தாங்கவல்லர்; அவர் கேட்டாலன்றி ஆலைகளும் மாறா.

இது நிற்க. நம் கலாசாலையின் பழைய மாணவர் சங்கத்தார் புதிய சோதனைச் சாலைக் கட்டடத்திற்கு நிதி திரட்டுகின்றனர். யாம் கொடுக்க எண்ணிய தொகையோடு அதன் அரை வீசத்தையும் சேர்த்து அனுப்பியுள்ளோம். கம்பி வாங்கும் நாளில் நட்சத்திரச் சான்று உண்டோ என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குமாறும், விலை மிகுமாயின் அம்மிகுதிக்கு அச்சிறு தொகையைக் கொள்ளுமாறும் செயலாளர்க்கு எழுதியிருக்கின்றோம். தொகை சிறிது, அதனால் வானம் தெளியும் என்று யாம் மயங்கவில்லை. ஆயினும், அக்கட்டடத்தினுள்ளே நாளை ஒரு மாணாக்கன் கண்ணாடிக் குழாயின் முன் நின்று செம்பைக் கண்டு வியக்கும்போது, அவன் தலைக்கு மேலுள்ள தளத்தின் கம்பியைப் பற்றியேனும் இம்முறை யாரோ ஒருவர் மற்றைப் பாதியையும் கேட்டனர் என்றிருத்தல் நன்று. எம் ஆசிரியர் இன்று இல்லை. அவர் இட்ட பாதி மதிப்பெண் எம்மிடம் இன்னும் இருக்கின்றது.